கார்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம், போய்விட்டு வாருங்கள்

திருமண விசாவில் அமெரிக்கா வந்து இறங்கிச் சில வாரங்களே ஆன பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "அக்கா, கிரீன் கார்டு இன்னும் வரலை. இப்போ ஊருக்குப் போனா திரும்பி உள்ளே விடுவாங்களா?" யாரும் சும்மா கேட்பதில்லை. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, தங்கைக்குக் கல்யாணம், பாட்டி படுத்த படுக்கை என்று பின்னால் ஒரு காரணம் இருக்கும். அதற்குள் உறவில் யாராவது ஒருவர், "கார்டு கைக்கு வராம நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்காதே" என்று பயமுறுத்தி வைத்திருப்பார்.

போகலாம். தாராளமாகப் போகலாம். இந்தப் பயத்தாலேயே கடைசியாக ஒரு முறை முகம் பார்க்க முடியாமல் போனவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் முடித்து, சிஆர்1 அல்லது ஐஆர்1 என்ற குடியேற்ற விசாவோடு வந்தவர்கள். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்டு ஐ-485 விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களின் கதை வேறு. அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதற்கான முன் அனுமதியான 'அட்வான்ஸ் பரோல்' வாங்காமல் வெளியே போனால், விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்1பி, எல்1 என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. நமக்கு அறிவுரை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் கேள்விப்பட்ட கதை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது உங்கள் கதை இல்லை.

சிஆர்1, ஐஆர்1 விசாவோடு விமான நிலையத்தில் அதிகாரியைத் தாண்டிய அந்த நிமிடமே நீங்கள் நிரந்தரவாசி. கார்டு அதற்கான சான்று, அவ்வளவுதான். அது தபாலில் வரும்வரை உங்கள் கையில் வேறு சான்று இருக்கிறது. பாஸ்போர்ட்டை எடுத்து விசா ஒட்டிய பக்கத்தைத் திருப்புங்கள். கீழே, அந்த அம்புக்குறி அம்புக்குறியாக ஓடும் இரண்டு வரிகளுக்கு மேலே, ஒரு வாக்கியம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். முத்திரை இட்டபின் இந்த விசாவே ஓராண்டுக்குத் தற்காலிக ஐ-551, அதாவது நிரந்தரவாசி என்பதற்கான சான்று என்று அது சொல்கிறது. ஐ-551 என்பது கிரீன் கார்டின் படிவ எண். ஆக, முதல் நாள் விழுந்த முத்திரையின் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்கு உங்கள் பாஸ்போர்ட்டே கிரீன் கார்டு. வந்த அன்றே அந்த முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, பக்கத்தில் சிஆர்1 என்றோ ஐஆர்1 என்றோ குறித்திருக்கிறார்களா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு இருதய அறுவை சிகிச்சை என்று அண்ணன் ஃபோன் செய்தபோது எனக்குக் கார்டு வந்திருக்கவில்லை. என் கணவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "நீ கிளம்பு, தபால் பெட்டியை நான் பாத்துக்கறேன்" என்றார். அம்மா தேறி எழுந்து உட்காரும்வரை கூடவே இருந்தேன். சிக்கல் வந்தது திரும்பும்போதுதான், அதுவும் அமெரிக்க அதிகாரியிடம் இல்லை, விமான நிறுவனத்தின் கவுண்டரில். குடியேற்ற விசாவில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி அதிகபட்சம் ஆறு மாதம்தான். முதல்முறை உள்ளே நுழைவதற்கான கெடு அது. என் விசாவில் அந்தத் தேதி தாண்டியிருந்தது. கவுண்டரில் இருந்த இளைஞர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "மேடம், உங்க விசா முடிஞ்சுபோச்சே. கிரீன் கார்டு இருக்கா?" என்றார்.

"தேதியை விடுங்க தம்பி, கீழே இருக்கற வரியைப் படிங்க. அப்புறம் முத்திரையில இருக்கற தேதியைப் பாருங்க" என்றேன். படித்தார். நம்பிக்கை வரவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். அந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு பக்கத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் படித்தார், பிறகு கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார். எந்த நாட்டுக்குப் போக என்ன ஆவணம் வேண்டும் என்று விமான நிறுவனங்கள் பார்க்கும் 'டிமாட்டிக்' என்ற தொகுப்பு அது. ஐ-551 முத்திரை அதிலேயே இருக்கிறது. "சரியாத்தான் இருக்கு, போர்டிங் பாஸ் குடுத்துடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதனால் சொல்கிறேன், கவுண்டருக்குச் சீக்கிரம் போங்கள். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை விமான நிறுவனங்களின் சந்தேகங்களுக்கென்றே தொலைபேசிக் குழுக்களை வைத்திருக்கிறது. அவர்களை அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கவுண்டர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தவறான ஆவணத்தோடு ஒருவரை ஏற்றிவந்தால் அபராதம் கட்டவேண்டியது அவர்கள் நிறுவனம். அமெரிக்காவில் இறங்கியபோது அதிகாரி ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பயணத்தைப் பதிவு செய்யும்போது இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். அபுதாபி வழியாக வந்தால் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். டப்ளின், ஷானன் வழியிலும் அப்படித்தான். எனவே அங்கே இரண்டு விமானங்களுக்கு நடுவே போதுமான நேரம் விட்டுப் பதிவு செய்யுங்கள்.

கார்டு ஏன் தாமதமாகிறது என்பதற்கு இரண்டு சாதாரணக் காரணங்கள் உண்டு. ஒன்று, குடியேற்றக் கட்டணம் கட்டாமல் இருப்பது. 2024 ஏப்ரலிலிருந்து அது 235 டாலர். அதைக் கட்டினால்தான் கார்டு அச்சாகும். கட்டாவிட்டாலும் உங்கள் நிரந்தரவாச நிலைக்கு ஒன்றும் ஆகாது, கார்டுதான் வராது. இரண்டாவது, தபால் பெட்டி. புதிதாக வந்த மனைவியின் பெயர் பெட்டியில் இருக்காது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தபால்காரருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது, இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று கார்டு திரும்பிப் போய்விடும். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதிப் பெட்டியின் உட்பக்கம் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

பெயர் என்றதும் நம் ஆட்களுக்கே உரிய ஒரு தொல்லை நினைவுக்கு வருகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும்; முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு, அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை' என்ற மூன்றெழுத்து வந்து உட்காரும். விமானச் சீட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கார்டில் ஒரு மாதிரி என்று இருந்தால் ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள். கல்யாணமான கையோடு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்துப் புதிதாக வாங்க நினைப்பவர்கள், விசா இருக்கும் பழைய பாஸ்போர்ட்டையும் கட்டாயம் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி, இரண்டு வருடக் கார்டா, பத்து வருடக் கார்டா என்ற விஷயம். அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்திருக்காவிட்டால் நீங்கள் சிஆர்1, நிபந்தனைக்குட்பட்ட நிரந்தரவாசி, கார்டு இரண்டு வருடத்துக்கு. முடிந்திருந்தால் ஐஆர்1, கார்டு பத்து வருடத்துக்கு. கணக்கு விசா கொடுத்த நாளில் இல்லை, நுழைந்த நாளில். அதனால் இரண்டாவது திருமண நாளுக்கு இன்னும் சில வாரம்தான் என்ற நிலையில் சிஆர்1 விசா கையில் கிடைத்தால், விசாவின் கெடுவுக்குள் அந்த நாள் தாண்டியபின் போய் இறங்குவது நல்லது. உங்களை ஐஆர்1 ஆகப் பதியச் சொல்லி அதிகாரியிடம் கேட்கலாம். இந்த ஒரு சிறு காத்திருப்பு பின்னால் ஐ-751 என்ற பெரிய வேலையையே மிச்சப்படுத்தும்.

ஐ-751 என்பது அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் விண்ணப்பம். இரண்டு வருடக் கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து போடவேண்டும். நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள் என்பதற்காக அந்தக் கெடு தள்ளிப்போகாது. போட்டதும் வரும் ரசீதுக் கடிதம் கார்டின் ஆயுளை 48 மாதம் நீட்டிக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து இப்படி. காலாவதியான கார்டையும் அந்தக் கடிதத்தின் அசலையும் சேர்த்துக் காட்டிப் பயணம் செய்யலாம். கடிதத்தை வீட்டு அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு நகலோடு கிளம்பாதீர்கள்.

எனக்குச் சொல்லவேண்டும் என்று துடிக்கிற விஷயம் இதற்கப்புறம்தான் வருகிறது. போகவே கூடாது என்று ஒரு கூட்டம் பயமுறுத்துகிறது என்றேன் இல்லையா? அதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம், "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டிட்டுப் போனா போதும்" என்கிறது. இது அதைவிட ஆபத்து. பயத்தால் போகாதவர் ஒரு பயணத்தை இழக்கிறார். இதை நம்பியவர் நிரந்தரவாச நிலையையே இழக்கலாம்.

1975-ஆம் ஆண்டு குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்த்த கேன் என்ற வழக்கு இருக்கிறது. அந்தப் பெண் வருடத்தில் பதினோரு மாதம் ஜமைக்காவில் இருந்தார், ஒரு மாதம் அமெரிக்கா வந்து போனார். வருடாவருடம் தவறாமல் வந்தார், ஒரு வருடம் என்ற எல்லையைத் தாண்டவே இல்லை. ஆனாலும் அவர் நிரந்தரவாச நிலையைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் தீர்ப்பு வந்தது. அவர் வாழ்ந்தது ஜமைக்காவில், அமெரிக்காவுக்கு வந்தது விருந்தாளியாக என்று வாரியம் பார்த்தது. 1988-இல் வந்த ஹுவாங் வழக்கு மனைவிகளாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. கணவரின் படிப்புக்காகக் குடும்பமாக ஜப்பானில் வருடக்கணக்கில் இருந்தார்கள், நடுநடுவே அமெரிக்கா வந்துபோனார் மனைவி. கணவரோடுதானே இருந்தேன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

அதிகாரிகள் பார்ப்பது என்னவென்றால், எதற்காகப் போனீர்கள், எப்போது திரும்புவதாக இருந்தீர்கள், உங்கள் வீடும் வேலையும் குடும்பமும் எங்கே இருக்கின்றன என்பதைத்தான். நாள் கணக்கு அதற்கு ஒரு தடயம். 180 நாளுக்கு மேல் ஒரே மூச்சில் வெளியே இருந்தால் சட்டம் உங்களைப் புதிதாக அனுமதி கேட்பவர் போல நடத்தத் தொடங்குகிறது, கேள்விகள் கூடும். ஒரு வருடத்தைத் தாண்டினால் கார்டையோ முத்திரையையோ மட்டும் காட்டி உள்ளே வரமுடியாது. ஆகவே நீண்ட நாள் இருக்கவேண்டிய காரணம் வந்தால், அந்தக் காரணத்துக்கான காகிதங்களைச் சேர்த்துவையுங்கள். மருத்துவமனைக் குறிப்புகள், திரும்பும் விமானச் சீட்டு, இங்கே உங்கள் பெயரும் சேர்ந்திருக்கும் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு. வருமான வரியையும் மறக்காதீர்கள். நிரந்தரவாசி உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவில் வசிப்பவராகவே கணக்குக் காட்டவேண்டும். வெளிநாட்டவர் என்று சொல்லித் தாக்கல் செய்தால், நீங்களே கைவிட்டதாக எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடக்கூடும்.

பெற்றோருக்கு நீண்ட நாள் பணிவிடை செய்யவேண்டியிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஐ-131 படிவத்தில் 'ரீ-என்ட்ரி பெர்மிட்' கேளுங்கள். பாஸ்போர்ட் மாதிரியே ஒரு சிறு புத்தகம், அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத் தருவார்கள். நிபந்தனைக் கார்டு என்றால் ஐ-751 போடவேண்டிய நாள் அதற்கு முன்னால் வந்தால் அதுவரைக்கும்தான். விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்காவில் இருக்கவேண்டும், கைரேகையும் இங்கேயே கொடுக்கவேண்டும். அதன்பின் கிளம்பிவிடலாம், புத்தகத்தை வெளிநாட்டுத் தூதரகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். ஆனால் இதுவும் கவசம் இல்லை. ஒரு வருடம் தாண்டி வந்தாலும் நுழைய ஒரு ஆவணம், திரும்பும் எண்ணம் இருந்தது என்பதற்கு ஒரு சான்று, அவ்வளவுதான். குடியுரிமைக் கணக்கை அது காப்பாற்றாது. அமெரிக்கக் குடிமகனோடு சேர்ந்து வாழும் மனைவி மூன்று வருடத்தில் குடியுரிமை கேட்கலாம், அதில் 18 மாதமாவது உடலளவில் இங்கே இருந்திருக்கவேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்தைத் தாண்டினால் இங்கே வசித்த தொடர்ச்சி அறுந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அறவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும். கணவரும் கிரீன் கார்டில் இருப்பவர் என்றால் மூன்று வருடச் சலுகை கிடையாது, எல்லோரையும் போல ஐந்துதான்.

என்றாவது ஒருநாள் விமான நிலையத்தில் தனி அறைக்கு அழைத்து, ஐ-407 என்ற படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், தயவுசெய்து நிதானமாக இருங்கள். நிரந்தரவாச நிலையை நானாகவே விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லும் படிவம் அது. களைத்துப்போய் இறங்கிய ஒருவர், அதிகாரி சொல்கிறாரே என்று போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. போடவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை, குடியேற்ற நீதிபதியிடம் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கார்டை வாங்கி வைத்துக்கொண்டால்கூட, நீதிபதி முடிவு சொல்லும்வரை நீங்கள் நிரந்தரவாசிதான்.

வேறு நாடுகளுக்குப் போவதைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியப் பாஸ்போர்ட்டோடு கிரீன் கார்டும் இருந்தால் கனடாவுக்கு விசா தேவையில்லை. 2022 ஏப்ரலிலிருந்து மின்னணு அனுமதிகூட வேண்டியதில்லை. மெக்சிகோவுக்கும் விசா வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இறங்கியதும் குறுகிய கால விசா தருகிறார்கள். ஷெங்கன் நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் சுற்றுலா போக நமக்கு எப்போதும்போல விசா வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ள கணவர் விசா இல்லாமலே போய்விடுவார், நீங்கள் நிற்கவேண்டியிருக்கும். தேனிலவுக்குப் பாரிஸ் என்று சீட்டு எடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

கடைசியாக, மனதில் வெகுநாளாகக் கிடக்கிற ஒன்று. எல்லாப் பயணமும் சந்தோஷப் பயணம் இல்லை. மனைவியை ஊருக்கு அழைத்துப் போய், அவள் பாஸ்போர்ட்டையும் கார்டையும் எடுத்துக்கொண்டு தான் மட்டும் திரும்பிவிடும் கணவர்கள் இருக்கிறார்கள். "ஒரு கடிதம் போட்டா போதும், உன் கார்டு ரத்து" என்று ஃபோனில் மிரட்டுவார்கள். அப்படி ஒரு கடிதத்தால் ரத்து ஆகாது. நீங்கள் நிரந்தரவாசியாக உள்ளே வந்துவிட்டபின் அந்த நிலை உங்களுடையது. உங்களை ஆதரிப்பதாக அவர் கையெழுத்திட்ட ஐ-864 விவாகரத்துக்குப் பிறகும் அவரைக் கட்டுப்படுத்தும். நிபந்தனைக் கார்டாக இருந்தாலும், விவாகரத்து ஆகிவிட்டது என்றோ கொடுமை நடந்தது என்றோ காட்டி, ஐ-751-ஐ அவர் கையெழுத்து இல்லாமல் நீங்கள் தனியாகவே போடலாம்.

எனவே ஊருக்குக் கிளம்பும் எந்தப் பெண்ணும், கணவர் தங்கமானவராகவே இருந்தாலும், விசா பக்கம், முத்திரை, கார்டின் இரண்டு பக்கம், கல்யாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் படமெடுத்துத் தன் மின்னஞ்சலுக்குத் தானே அனுப்பிக்கொள்ளுங்கள். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். 'ஏ' என்று தொடங்கும் ஒன்பது இலக்க எண்ணை எங்காவது எழுதி வையுங்கள், எல்லா விசாரணையும் அந்த எண்ணில்தான் நடக்கும். கார்டு பறிபோனால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், பாஸ்போர்ட்டும் போயிருந்தால் புதிதாக விண்ணப்பியுங்கள். அப்புறம் ஐ-131ஏ. வெளிநாட்டில் கார்டைத் தொலைத்த நிரந்தரவாசியை விமானத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி தருவதற்கென்றே உள்ள படிவம் அது. கட்டணத்தை இணையத்தில் கட்டிவிட்டு அமெரிக்கத் தூதரகத்துக்கு நேரில் போய்க் கொடுக்கவேண்டும். அமெரிக்காவை விட்டுக் கிளம்பி ஒரு வருடம் ஆகாதவர்களுக்குத்தான் இந்த வழி. அதைத் தாண்டினால், திரும்பிவரும் நிரந்தரவாசிகளுக்கான எஸ்பி-1 என்ற விசாவுக்குப் போகவேண்டும், அதில் என் சக்திக்கு மீறிய காரணத்தால்தான் திரும்ப முடியவில்லை என்று நிரூபிக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில். ஆகவே யாராவது உங்களை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தால், சமாதானப் பேச்சு நடக்கிறது, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், நீங்கள் இந்த வாரமே படிவத்தைப் போடுங்கள்.